மரணச் சீட்டைக் கையில் குத்திக்கொள்ளலாமா?

கேள்வி இது: "பலன் பார்க்கிற டாரட் சீட்டுக்கட்டில் வருகிற மரணச் சீட்டை முன்கையில் டாட்டூ போட்டுக்கொள்ள இரண்டு வருஷமாக ஆசை. அம்மா அபசகுனம் என்கிறார். தோழி, நட்சத்திரச் சீட்டைப் போடு, அதுதான் நல்லது என்கிறாள். இணையத்தில் பார்த்த படம் மூன்று இன்ச்சில் அழகாக இருந்தது. எதைப் போடுவது, எப்படிப் போடுவது?"

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். போடலாம். ஆனால் முழுச் சீட்டும் வேண்டாம், மூன்று இன்ச் வேண்டவே வேண்டாம். அந்தச் சீட்டில் எலும்புக்கூட்டின் கையில் ஒரு கொடி இருக்கிறது. அதை மட்டும் எடுத்து ஐந்து இன்ச்சுக்குக் குறையாமல் போடுங்கள். ஏன் என்று சொல்லக் கொஞ்ச நேரம் ஆகும்.

11 வருஷமாக டாட்டூ போடுகிறேன். டாரட் படம் கேட்டு வருகிறவர்கள் வந்ததும் சொல்வது சீட்டின் பலன்: "இது மாற்றத்தைக் குறிக்குமாம்", "இது நம்பிக்கையாம்". சரி, படத்தில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டால் ஃபோனைத் தேடுவார்கள். பலன் பட்டியல் இணையத்தில் ஆயிரம் கிடைக்கும், அது தோலில் இறங்காது. இறங்குவது கோடும் கறுப்பும்தான். அதனால் படத்திலிருந்தே ஆரம்பிப்போம்.

நீங்கள் பார்த்த சீட்டு, அநேகமாக 1909 டிசம்பரில் லண்டனில் ரைடர் பதிப்பகம் வெளியிட்ட சீட்டுக்கட்டில் உள்ளது. கறுப்புக் கவசம் போட்ட எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிறது. குதிரையின் காலடியில் ஒரு ராஜா மல்லாந்து கிடக்கிறார். கிரீடம் தலையைவிட்டு உருண்டுவிட்டது. பொன்னிற அங்கி போட்ட மதகுரு எதிரே கைகூப்பி நிற்கிறார். ஓர் இளம்பெண் மண்டியிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவள் பக்கத்தில் இருக்கிற குழந்தைக்கு மட்டும் பயமில்லை, நிமிர்ந்து பார்க்கிறது. பின்னால் ஆறு, ஆற்றில் ஒரு படகு. தூரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன். உதயமா அஸ்தமனமா என்பது பார்க்கிறவர் பாடு. எலும்புக்கூட்டின் கையில் கறுப்புக் கொடி, அதில் ஐந்து இதழ் வெள்ளை ரோஜா. பைபிள் படித்தவர்களுக்கு அந்தக் குதிரையைப் பார்த்ததுமே வெளிப்படுத்தின விசேஷம் நினைவுக்கு வரும். மரணம் என்று பெயர் கொண்டவன் அங்கே 'மங்கின நிறமுள்ள' குதிரையில் வருவான். நம் எமனுக்கு எருமை, அவர்களுக்குக் குதிரை.

இவ்வளவும் ஒரு சீட்டுக்குள். மூல அளவு சுமார் 70 மில்லிமீட்டர் அகலம், 120 மில்லிமீட்டர் உயரம். காகிதத்தில் அச்சடித்தால் அந்தக் குழந்தையின் முகம் ஒரு மிளகு அளவுக்கு இருக்கும். மூன்று இன்ச்சுக்குச் சுருக்கினால் கடுகு. கடுகில் கண், மூக்கு, வாய் வைக்கச் சொல்கிறீர்கள்.

இந்த இடத்தில் என் வலது காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழில் கற்ற புதிதில் எனக்கு நானே நட்சத்திரச் சீட்டைப் போட்டுக்கொண்டேன், கெண்டைக்காலின் வெளிப்பக்கம், மூன்றரை இன்ச். குளக்கரையில் ஒரு பெண் மண்டியிட்டு இரண்டு குடங்களிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறாள், மேலே ஒரு பெரிய நட்சத்திரம், சுற்றி ஏழு சின்னது, பின்னால் ஒரு மரம், மரத்தில் ஒரு பறவை. போட்ட அன்று பறவையின் அலகுகூடத் தெரிந்தது. ஃபோட்டோ எடுத்து எல்லோரிடமும் காட்டினேன். நாலாம் வருஷம் பறவை புள்ளியாகிவிட்டது. மேலே இருந்த பதினேழு என்ற ரோமன் எண்ணில் கடைசி இரண்டு கோடுகள் ஒட்டிக்கொண்டு ஒரே தடிக்கோடாகிவிட்டன. ஏழு சின்ன நட்சத்திரங்களில் இரண்டை இப்போது யாரும் நட்சத்திரம் என்று சொல்ல மாட்டார்கள், மரு என்றுதான் சொல்வார்கள். இணையத்தில் நீங்கள் பார்த்த மூன்று இன்ச் படமும் போட்ட அன்றைக்கே எடுத்ததாகத்தான் இருக்கும். எந்தக் கடையிலும் "ஐந்து வருஷம் கழித்து எடுத்த படம் இருக்கிறதா" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஏன் பரவுகிறது? மை நிற்பது மேல்தோலில் இல்லை, அதற்குக் கீழே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில். அங்கே இருக்கிற மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்கள் மையை அந்நியப் பொருள் என்று விழுங்குகின்றன. விழுங்கிவிடும், ஆனால் செரிக்க முடியாது. மையை வயிற்றில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். அந்தச் செல் சாகும்போது மை வெளியே வரும், பக்கத்துச் செல் அதை விழுங்கும். எலிகளை வைத்து இதைக் காட்டியவர்கள் பிரான்சின் மார்செய் நகரத்து ஆய்வாளர்கள், 2018-இல். ஆக உங்கள் டாட்டூ அசையாமல் கிடக்கிற ஓவியம் கிடையாது, கைமாறிக்கொண்டே இருக்கிற சரக்கு. வருஷக்கணக்கில் கைமாறினால் கோட்டின் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கத்தான் செய்யும். இரண்டு கோட்டுக்கு நடுவே முதலிலேயே இடம் விட்டிருந்தால் மழுங்கினாலும் இரண்டாகவே இருக்கும். இதுபோகக் குத்துகிறவர் ஊசியை அளவுக்கு மேல் ஆழமாக இறக்கிவிட்டால், மை அப்போதே அடியில் கசிந்து கோட்டைச் சுற்றி நீல நிழல் விழும். கடைக்காரர்கள் அதை 'ப்ளோ-அவுட்' என்பார்கள். அது காலத்தின் வேலை இல்லை, கையின் கோளாறு.

மார்செய் என்றதும் இன்னொரு விஷயம். டாரட் உலகத்தில் அந்த ஊர்ப் பெயரில் ஒரு பாணியே உண்டு, 'டாரோ த மார்செய்'. 1760 தேதியிட்ட நிக்கோலா கோன்வேர் என்பவரின் கட்டு அதில் பேர்பெற்றது. மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த தடித்த கோடுகள். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று கொஞ்சம் வண்ணம். அந்த வண்ணத்தையும் ஸ்டென்சில் வைத்துத்தான் பூசினார்கள். அதில் மரணச் சீட்டுக்குப் பெயரே எழுத மாட்டார்கள், பதின்மூன்று என்ற எண் மட்டும் இருக்கும். குதிரை, ராஜா எதுவும் இல்லை. எலும்புக்கூடு ஒன்று நின்று, கதிர் அறுக்கிற மாதிரி நீண்ட அரிவாளால் தரையை வழிக்கிறது. கறுப்பு மண்ணில் தலைகளும் கைகளும் பாதங்களும் முளைத்துக் கிடக்கின்றன. உங்களுக்கு முழு உருவம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் நான் கைகாட்டுவது 1909 கட்டை இல்லை, இதைத்தான். தடிக்கோடு, தட்டையான கறுப்பு, நுணுக்கம் குறைவு. தோலுக்கென்றே வரைந்த மாதிரி இருக்கும். அம்மாவைச் சமாதானப்படுத்தத்தான் உதவாது.

அம்மாவிடம் என்ன சொல்வது என்பதற்குச் சீட்டின் கதை கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. டாரட் பிறந்தது ஜோசியத்துக்காக அல்ல, ஆடுவதற்காக. 15-ஆம் நூற்றாண்டின் நடுவில், வட இத்தாலியில் மிலான், ஃபெராரா பக்கத்துப் பிரபுக்களின் வீடுகளில் ஆடிய ஆட்டம் அது. மொத்தம் 78 சீட்டு. 56 சீட்டு வழக்கமான நாலு சாதி: கோப்பை, வாள், கோல், காசு. மிச்சம் 22-இல் ஒன்று அசடன், மற்ற 21-ம் துருப்பு. நம் ஊர் 304 ஆட்டத்தில் துருப்பு இறக்கி வெட்டுவோமே, அதே வேலைதான் அங்கே மரணத்துக்கும் சூரியனுக்கும் பேய்க்கும். அந்தக் காலத்தில் மிலான் பிரபு குடும்பத்துக்காகத் தங்க இலை ஒட்டி வரைந்த விஸ்கோந்தி–ஸ்ஃபோர்ஸா கட்டில் 74 சீட்டுகள் இன்றும் இருக்கின்றன. ஒரு பங்கு நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில், ஒரு பங்கு இத்தாலியின் பெர்கமோ நகரத்து அருங்காட்சியகத்தில், மிச்சம் தனியாரிடம்.

பலன் பார்க்கிற பழக்கம் பரவியது பிறகு, 18-ஆம் நூற்றாண்டு பிரான்சில். 1781-இல் கூர் த ஷெபலேன் என்பவர், இது எகிப்தியப் பூசாரிகள் சீட்டுக்குள் ஒளித்துவைத்த ஞானம் என்று எழுதினார். எகிப்திய எழுத்தைப் படிக்கும் வழியை ஷாம்போலியோன் கண்டுபிடித்தது 1822-இல். அதற்கு 41 வருஷம் முன்னால், ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாதபோது எழுதின கதை. ஆனாலும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பத்தாண்டிலேயே எத்தெய்யா என்ற பெயரில் பாரிசில் ஒருவர் சீட்டுப் பலனைத் தொழிலாகவே நடத்த ஆரம்பித்துவிட்டார். கிளி ஜோசியக்காரரிடம் கிளி எடுக்கிற சீட்டில் முருகனும் அம்மனும் இருப்பது மாதிரி, இவர்கள் கட்டில் இவர்களுடைய போப்பும் ராணியும் மரணமும் இருக்கிறார்கள். கிளி எந்தச் சீட்டை எடுத்தாலும் அது திரும்பக் கட்டுக்குள் போய்விடும். நீங்கள் ஒன்றை எடுத்துக் கையிலேயே ஒட்டிக்கொள்ளப் போகிறீர்கள். சகுனம் பார்க்காத எனக்கும் இந்த வித்தியாசம் பெரிதாகப் படுகிறது.

அதனால் அம்மா சொல்வதை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். டாரட் படிக்கிறவர்கள், மரணச் சீட்டு என்றால் சாவு இல்லை, ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குவது என்பார்கள். உங்களுக்கும் அதுதான் மனசில் இருக்கும். ஆனால் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது பக்கத்தில் நிற்கிறவர் பார்க்கப்போவது எலும்புக்கூட்டை. ஒவ்வொருவரிடமும் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? அடுத்த முப்பது வருஷம்? "முடியும், எனக்கு அது பிடிக்கும்" என்றால் தாராளமாக எலும்புக்கூடு போடுங்கள். சலிப்பாக இருக்கும் என்று தோன்றினால் கொடி போதும். தெரிந்தவருக்கு அது மரணச் சீட்டு, தெரியாதவருக்கு ஒரு கொடியும் பூவும்.

படத்தை வரைந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனசு வரவில்லை. அந்த 1909 கட்டை ஊரெல்லாம் 'ரைடர்–வெய்ட்' என்றுதான் சொன்னது. ரைடர் பதிப்பாளர், வெய்ட் யோசனை சொன்னவர். 78 படத்தையும் வரைந்த பமேலா கோல்மன் ஸ்மித்தின் பெயர் அதில் இல்லை. 1878-இல் லண்டனில் பிறந்து, சின்ன வயதில் ஜமைக்காவில் கொஞ்ச காலம் வாழ்ந்தவர். படங்களை முடித்ததும் நியூயார்க்கில் இருந்த புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுக்கு, பெரிய வேலை ஒன்றை ரொம்பக் குறைந்த காசுக்கு முடித்துக்கொடுத்திருக்கிறேன் என்று கடிதம் எழுதினார். 1951-இல் கார்ன்வாலில் இறந்தபோது கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் தன் பெயரின் மூன்று எழுத்தைப் பின்னி, பாம்பு சுருண்ட மாதிரி ஒரு முத்திரை வைத்திருக்கிறார். முழுச் சீட்டு கேட்டு வருகிற பலர் "அந்தக் கிறுக்கலை எடுத்துவிடுங்கள்" என்பார்கள். எடுக்க மாட்டேன் என்று நான் வாதாடுவேன். கூலிதான் சரியாகக் கிடைக்கவில்லை, கையெழுத்தாவது இருக்கட்டும்.

அவர் இறந்து எழுபது வருஷம் தாண்டிவிட்டதால் மூலப் படங்களுக்கு இப்போது பதிப்புரிமை கிடையாது, யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலேய மாந்திரீகர் அலிஸ்டர் க்ரோலிக்காக ஃப்ரீடா ஹாரிஸ் வரைந்த தோத் கட்டு அப்படியில்லை. அவர் 1962-இல்தான் இறந்தார். இன்றைய ஓவியர்களின் கட்டுகளும் அப்படியே. உயிரோடு இருக்கிற ஓவியரின் படம் என்றால் இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். பல பேர் சந்தோஷமாகச் சரி என்பார்கள். சிலர் இதற்கென்றே ஒரு சின்னத் தொகை வாங்கிக்கொண்டு அனுமதி தருவார்கள்.

அடுத்து நிறம். இதை நம் ஊர்க் கடைகளிலேயே சரியாகச் சொல்வதில்லை. மை இருப்பது கீழ்த்தோலில், நம் நிறத்தைத் தருகிற மெலனின் இருப்பது அதற்கு மேலே. ஆக நாம் எந்த டாட்டூவையும் நம் தோல் நிறக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறோம். கறுப்பு கறுப்பாகவே தெரியும். சிவப்பு கொஞ்சம் ஆழ்ந்து தெரியும். மஞ்சளும் வெளிர்நிறங்களும் மாநிறத் தோலிலேயே மங்கிவிடும், கறுத்த தோலில் தேட வேண்டியதுதான். 1909 கட்டில் அசடன், மந்திரவாதி மாதிரிச் சீட்டுகளுக்குப் பின்னால் மஞ்சள் வானம். வெள்ளைக்காரத் தோலில் போட்ட படத்தைக் காட்டி "இதே மாதிரி" என்று கேட்டால், ஆறு மாதத்தில் அந்த வானம் காணாமல் போய்விடும். வெள்ளை மை இன்னும் மோசம். ஆறினதும் பழுப்பேறி, சிரங்குத் தழும்பு மாதிரி நிற்கும்.

அதனால்தான் கொடி என்றேன். கொடியை முழுக்கக் கறுப்பால் நிரப்பி, ரோஜாவை மட்டும் குத்தாமல் விட்டுவிட வேண்டும். இதழ்களுக்கு நடுவே மெல்லிய கோடு, மற்றபடி வெறும் தோல். வெள்ளை ரோஜா உங்கள் தோலின் நிறத்தில் பூத்துவிடும். போன வருஷம் ஒருவருக்கு இப்படிச் செய்தேன். நல்ல கறுப்பு நிறம், கட்டட வேலைப் பொறியாளர், வெயிலில் நிற்கிறவர். ஆறி வந்து கையை நீட்டியபோது ரோஜாவின் நடுவில் ஒரு மச்சம் இருந்தது. மகரந்தம் மாதிரி. குத்துவதற்கு முன் படத்தின் கோட்டைத் தோலில் பதிக்கிற தாள்தான் ஸ்டென்சில், அதை ஒட்டும்போது நான் மச்சத்தைக் கவனிக்கவே இல்லை. அவர்தான் சிரித்துக்கொண்டே காட்டினார்.

கறுப்பை நிரப்புவதில் ஒரு கஷ்டம்: ஒரே அமர்வில் சமமாக ஏறாது. ஆறினதும் அங்கங்கே தோல் எட்டிப் பார்க்கும். ஒன்றரை, இரண்டு மாதம் கழித்து ஒரு டச்-அப் வேண்டும். அதற்குத் தனிக் காசா, சேர்த்தா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். சதுர இன்ச் கணக்கில் விலை சொல்கிற கடைகள் நிறைய. அந்தக் கணக்கில் சின்னதாகப் போட்டால் லாபம் என்று தோன்றும். என் பறவையை நினைத்துக்கொள்ளுங்கள்.

முன்கையில் முழுச் சீட்டு வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, சீட்டைச் சுற்றி வருகிற சட்டம். உள்ளங்கையை மேலே காட்டியபடி கையை மேஜையில் வையுங்கள், இப்போது மெதுவாகக் கவிழ்த்துப் பாருங்கள். தோல் முறுக்கிக்கொண்டு போவது தெரியும். அந்த இடத்தில் செவ்வகச் சட்டம் போட்டால், ஒரு நிலையில்தான் நேராக இருக்கும், மற்ற நேரமெல்லாம் பிழிந்த துணி மாதிரி கோணும். முழுச் சீட்டு சட்டத்தோடு வேண்டுமென்றால் தொடையின் வெளிப்பக்கம், கெண்டைக்கால், தோளுக்குக் கீழே மேல்கையின் வெளிப்பக்கம் ஆகியவை பரவாயில்லை. எங்கே போட்டாலும் ஸ்டென்சில் ஒட்டும்போது எழுந்து நின்று கையைச் சும்மா தொங்கவிடுங்கள். மேஜையில் நீட்டிய கையில் ஒட்டினால் நின்றதும் சாய்ந்துவிடும்.

எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்க வேண்டும் என்பது அடுத்த வாக்குவாதம். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது எதிரே இருப்பவருக்கு நேராகத் தெரிவதுதான் தொழிலில் வழக்கம். சிலர் "எனக்குத் தெரிய வேண்டும்" என்று தன்னைப் பார்த்து நிமிர்த்திப் போடச் சொல்வார்கள். டாரட்டில் சீட்டு தலைகீழாக விழுந்தால் வேறு பலன் சொல்வதால் இதில் சிலருக்குப் பெரிய குழப்பம். என் யோசனை: ஊருக்கு நிமிர்ந்து இருக்கட்டும். தொங்குகிறவன் சீட்டைக் கேட்டு வருகிறவர்களிடம்தான் எனக்குத் தலை சுற்றும். ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிற ஆள் அவன். பழைய இத்தாலியர்கள் அந்தச் சீட்டைத் துரோகி என்றே அழைத்தார்கள். துரோகம் செய்தவனைக் காலில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி சுவரில் வரைந்து அவமானப்படுத்துகிற வழக்கம் அவர்களிடம் இருந்தது. அந்தச் சீட்டைக் கையில் போட்ட ஒருவர், கையைத் தூக்கும்போதெல்லாம் அவன் எழுந்து நின்று நடனமாடுகிறான் என்றார்.

எழுத்து, எண், குறியீடு இருக்கிற சீட்டென்றால் இன்னும் ஜாக்கிரதை. ஒரு பையன் வேறு எங்கோ அதிர்ஷ்டச் சக்கரம் போட்டுவிட்டு, சரிசெய்ய முடியுமா என்று வந்தான். அந்தச் சக்கரத்தில் நாலு எபிரேய எழுத்தும் நாலு ரோமன் எழுத்தும் மாறிமாறி வரும். ஸ்டென்சில் எடுக்கும்போது பிரின்டரில் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பிவிட்டது, யாரும் பார்க்கவில்லை. அத்தனை எழுத்தும் இடவலம் மாறிக் கிடந்தது. அதில் எபிரேய எழுத்து நாலும் யூதர்கள் வாய்விட்டு உச்சரிக்காத கடவுளின் பெயர். அதைத் திருத்த வழியில்லை. சக்கரத்துக்கு மேல் கறுப்பு ஏற்றி வேறு படமாக்கினோம். ஊசி தொடுவதற்கு முன்னால் ஸ்டென்சிலைக் கண்ணாடியில் பார்க்காதீர்கள், அது இன்னொரு தடவை திருப்பிக் காட்டும். ஃபோனின் பின்பக்கக் கேமராவில் படம் எடுத்து மூலச் சீட்டோடு வைத்துப் பாருங்கள். கோபுரச் சீட்டு என்றால் விழுகிற தீப்பொறிகள் 22 இருக்கிறதா என்று எண்ணுங்கள். பத்து வாள் சீட்டு என்றால் பத்து வாள் இருக்க வேண்டும். சிரிக்காதீர்கள், ஒன்பது வாளோடு திரிகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடை விஷயத்தில் நான் சொல்வது எல்லோரும் சொல்வதுதான். ஊசியை உங்கள் கண் முன்னால் பொட்டலம் பிரித்து எடுக்க வேண்டும். மையைச் சின்னக் கிண்ணத்தில் உங்களுக்கென்று ஊற்ற வேண்டும். மிஞ்சினதைப் பாட்டிலில் திரும்ப ஊற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். ஹெப்படைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் ஊசி வழியாக வரக்கூடியவை. அடிபட்ட இடத்தில் தழும்பு தடித்து வளர்கிற உடம்பு என்றால் (நம் மாதிரி நிறத்தில் அது அதிகம்) முதலில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை இருந்தாலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலும் அப்படியே. ஒவ்வாமை அதிகமாகக் கிளப்புவது சிவப்பு மை. மூன்று வாள் சீட்டின் சிவப்பு இதயம் கேட்டு வருகிறவர்களை முதலில் ஒரு சின்னப் புள்ளி மட்டும் வைத்துவிட்டுச் சில வாரம் கழித்து வரச் சொல்வேன். ரத்ததானம் செய்கிறவர் என்றால் ஒரு வருஷம் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். ராணுவத்தில் சேரும் எண்ணம் இருந்தால் இடத்தைப் பார்த்துப் போடுங்கள். பொதுவாக முன்கையின் உட்புறமும் புறங்கையும் தவிர வேறு இடத்தில் அனுமதிப்பதில்லை.

போட்ட பிறகு இரண்டு மூன்று வாரத்துக்குக் கடல், குளம், நீச்சல் கிடையாது. மென்மையான சோப்பு, கை விரலால் மட்டும் கழுவி, ஒற்றி எடுத்து, கடையில் சொன்ன களிம்பை மெல்லிசாகத் தடவினால் போதும். வீட்டில் மஞ்சள் அரைத்துப் பூசச் சொல்வார்கள். அன்போடுதான் சொல்வார்கள், பூசாதீர்கள். அது இன்னும் திறந்த புண். அரிக்கும், தோல் உரியும், சொறியக் கூடாது. சொறிந்தால் கறுப்பு அந்த இடத்தில் பிய்ந்து வந்துவிடும். ஆறின பிறகு வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன், முழுக்கை, எதுவானாலும் சரி.

அம்மாவிடம் பேசும்போது பாட்டியின் கையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அந்தத் தலைமுறையில் பல பேர் முன்கையில் புள்ளிக் கோலம் பச்சை குத்தியிருக்கும். குறத்தி வந்து திண்ணையில் உட்கார்ந்து குத்தியது. மஞ்சளும் அகத்தி இலையும் சேர்த்து அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, கவிழ்த்த புதுச் சட்டியில் படிந்த கரியை வழித்துத் தாய்ப்பாலில் குழைத்த மை அது. கோடுகள் பரவிப் பச்சையாகிப் போயிருந்தாலும் கோலம் கோலமாகவே தெரியும். ஏனென்றால் அவள் புள்ளிக்குப் புள்ளி இடம் விட்டிருப்பாள்.

உடனே ஊசி வைக்க வேண்டாம். நல்ல கடையில் கேட்டால் ஸ்டென்சிலை மட்டும் ஒட்டி அனுப்புவார்கள். ஊதா நிறத்தில், சோப்பு போடாவிட்டால் இரண்டு மூன்று நாள் நிற்கும். கொடியை ஒரு கையில், எலும்புக்கூட்டை இன்னொரு கையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். வேலைக்குப் போங்கள், சாப்பாடு பரிமாறுங்கள், கண்ணாடி முன்னால் நில்லுங்கள். மூன்றாம் நாள் குளிக்கும்போது எந்தக் கையைத் தேய்க்க மனசு வரவில்லை என்று பாருங்கள். அம்மா எந்தக் கையைப் பார்த்துத் திட்டினார் என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.